பங்களா தோட்டமும் லயன் வேலியும்

ஏற்காட்டில் இப்போது ஒரு கோப்பை சங்குப்பூ டீ நூறு ரூபாய்க்கு மேல். கண்ணாடிக் குவளையில் நீலமாக வரும். எலுமிச்சம்பழத் துண்டைப் பிழிந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவாகிவிடும். ஏரியைச் சுற்றியும் லேடிஸ் சீட் போகிற வழியிலும் உள்ள விடுதிகளில் இதைப் படம் பிடிக்காத விருந்தாளி குறைவு. சங்குப்பூவின் நீலத்தைத் தருபவை டெர்னட்டின் எனப்படும் ஆந்தோசயனின் வகை நிறமிகள். புளிப்பு சேர்ந்தால் அந்த மூலக்கூறுகளின் அமைப்பு மாறுகிறது, கூடவே நிறமும் மாறுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் இந்தப் பூவின் சாற்றை உணவுக்கு நிறமேற்ற அனுமதித்தது.

எழுபதுகளில் எங்கள் லயன், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், வேலியில் அது யாரும் நடாமல் படர்ந்து கிடந்தது. அம்மா சாமி படத்துக்கு நான்கைந்து பூ பறிப்பார். மீதி காய்ந்து உதிரும்.

அப்பா காப்பித் தோட்டத்தில் ரைட்டர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் வந்த துரைமார்கள் காப்பியோடு தங்கள் ஊர்த் தோட்டத்தையும் கொண்டுவந்தார்கள். பங்களா வாசலில் டேலியா, நஸ்டர்ஷியம், ஜெரேனியம், தலைகீழாகத் தொங்கும் வெள்ளை எக்காளப் பூ எல்லாம் இருந்தன. அதற்குத் தோட்டம் என்று பெயர், காவலுக்கு ஆள், தண்ணீர் ஊற்ற ஆள். எங்கள் லயன் பக்கம் ஆடாதோடை, நொச்சி, ஓமவல்லி, துளசி, சாக்கடை ஓரத்து வல்லாரை. அதற்குப் புதர் என்று பெயர். துரை பார்வைக்கு வரும் நாளில் அதை வெட்டிச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். மழைக்காலத்தில் சளி பிடித்து, நொச்சி ஆவி பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனால், நான் படித்த பள்ளியில் பின் பெஞ்சுக்கு அனுப்பினார்கள், வாசனை வருகிறது என்று. அதே நொச்சியும் ஓமவல்லியும் இன்று சிறு குப்பிகளில் எண்ணெயாக விற்பனைக்கு இருக்கின்றன. ஓமவல்லி இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறுவது கார்வக்ரால், தைமால் என்ற பொருள்கள். ஓமத்தில் இருப்பதும் அதே தைமால்தான்.

இந்தத் தலைகீழ் மாற்றத்தில் எனக்கு மகிழ்ச்சிதான். இலையில் சரக்கு இருக்கிறது என்று நாங்கள் நம்பியது வீண் நம்பிக்கை அல்ல என்று வேதியியல் சொல்லிவிட்டது. ஆனால் இலை கடைக்கு வந்த வழியில், அதோடு வந்திருக்க வேண்டிய ஒன்று வராமல் நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழம் பறிக்கும் காலத்தில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆயா எங்கள் தோட்டத்துக்கு வருவார். மலையாளி இனத்தவர். கேரளத்தோடு இந்தப் பெயரைச் சேர்த்துவிடக் கூடாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்கள் கதையைச் சொல்லும், சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வாழும் பழங்குடியினர் அவர்கள். மலை உச்சிக் குகையில் இருக்கும் சேர்வராயன் அவர்களுடைய சாமி. மே மாதத் திருவிழாவுக்கு ஆயாவோடு நானும் நடந்து போயிருக்கிறேன். போகும் வழியெல்லாம் இலையைத் தொட்டுக் காட்டிக்கொண்டே வருவார். சிலவற்றைத் தொடவே விடமாட்டார்.

இருமல் வந்தால் ஆயாதான் கஷாயம் வைப்பார். முற்றிய ஆடாதோடை இலையாகப் பார்த்துப் பறிப்பார். பழுத்ததை எடுக்கமாட்டார், கொழுந்தையும் எடுக்கமாட்டார். நடு நரம்பை உருவிப் போட்டுவிட்டு இலையைக் கிள்ளி, இடித்த மிளகும் திப்பிலியும் சேர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்டும்வரை மண் சட்டியில் வைப்பார். கசப்பு நாக்கின் அடியில் போய் உட்காரும். மலைத்தேன் ஒரு சொட்டு, அதுவும் குடித்த பிறகுதான் கிடைக்கும். மறுநாள் நெஞ்சுக்கட்டு இளகி வெளியே வரும். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். சிரித்துவிட்டு ஒரு சிவப்பு மிக்ஸரை ஊற்றித் தருவார்.

ஆடாதோடையில் இருப்பது வாசிசின் என்ற ஆல்கலாய்டு. அதை மாதிரியாக வைத்துத்தான் 1960களில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தைக் கொண்டுவந்தது. அதன் அடுத்த வடிவம் ஆம்ப்ராக்சால். இன்று மருந்துக்கடையில் இருமல் சிரப் கேட்டால் பாதிக்குப் பாதி அந்த இரண்டு பெயர்களில் ஒன்று சீட்டில் இருக்கும். எங்கள் வேலியில் கிடந்த இலையின் பேரப்பிள்ளைகள் அவை.

என்னை அதைவிட அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. அம்மாவுக்கு ஒருமுறை இருமல் வந்தபோது ஆயா கஷாயச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் கேட்டார்: “வயித்துல ஏதாச்சும் இருக்குதா கண்ணு? இருந்தாச் சொல்லிப்போடு. இது உனக்கு ஆவாது.” தங்கை அப்போது அம்மா வயிற்றில் இரண்டு மாதம். ஆயா சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வெறும் வெந்நீரில் துளசி போட்டுக் கொடுத்தார். வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும் என்பதை ஜம்முவில் இருந்த மண்டல ஆய்வுக்கூடம் விலங்குகளில் சோதித்து ஆய்விதழ்களில் எழுதியது ஏறக்குறைய அதே எழுபதுகளில்தான். ஆயாவுக்கு வாசிசின் என்ற பெயர் தெரியாது. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது தெரியும். அந்தக் கேள்வி அவருடைய மருந்தில் ஒரு பங்கு. இலையை வாங்கிக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டால் பாதி மருந்துதான் கையில் இருக்கும்.

வல்லாரையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அதன் ஆசியாட்டிகோசைடும் மேடகாசோசைடும் புண் ஆற உதவுகின்றன, தோல் கொலாஜன் உண்டாக்குவதைத் தூண்டுகின்றன. கொரியாக்காரர்கள் அதைச் ‘சிகா’ என்ற பெயரில் குப்பி குப்பியாக முகத்தில் பூசக் கொடுத்துவிட்டார்கள். சேலம் கடைகளில்கூட இப்போது கிடைக்கிறது. நாங்கள் அதைத் துவையல் அரைத்துச் சாப்பிட்டோம். முழங்காலில் அடிபட்டால் கசக்கி வைத்துக் கட்டினோம்.

நித்தியகல்யாணி வேறு கதை. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் லயனில் அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வருஷம் முழுக்கப் பூக்கும். பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்த பெண்பிள்ளையைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி உள்ளே விட்டதைப் பார்த்திருக்கிறேன். அதன் சொந்த ஊர் மடகாஸ்கர். கப்பலேறி வெப்பநாடுகள் எங்கும் போய் வேரூன்றிவிட்டது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்து சில இலைகள் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்குத் தபாலில் வந்தன. அவர் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் தொற்று வந்து இறந்தன. வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. வேறொருவராக இருந்தால் நச்சு என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போயிருப்பார். வெள்ளை அணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்று, இது உதவுமா என்று அவரும் சார்லஸ் பீரும் கேட்டார்கள். 1958இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். எலி லில்லி நிறுவனத்திலும் இதே செடியில் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963இல் அனுமதி பெற்றது. செல் இரண்டாகப் பிரியும்போது அதற்கு நூல்போல் இழைகள் வேண்டும். இந்த மருந்து அந்த இழைகள் சேரவிடாமல் தடுக்கிறது, செல் பிரிய முடியாமல் நின்றுவிடுகிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் ரத்தப் புற்று வந்த குழந்தைகளில் ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததால் வந்த வெற்றி அது. அந்தக் கூட்டில் வின்கிறிஸ்டின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

என் உறவில் ஒரு குழந்தைக்கு அந்த ஊசி போட்டபோது கூட இருந்தேன். குப்பி என் சுண்டுவிரலின் நுனி அளவுதான். உள்ளே 1 மில்லிகிராம். நர்ஸ் அதை இன்னொருவரிடம் காட்டி, பெயரையும் அளவையும் இருவரும் உரக்கப் படித்த பிறகுதான் ஏற்றினார். காரணம் கேட்டேன். ரத்தநாளத்தில் போகவேண்டிய இது தவறி முதுகுத்தண்டு நீரில் போனால் உயிர் போய்விடும், அதனால்தான் என்றார். கல்லறைத் தோட்டத்துப் பூவை வீட்டுக்குள் விடாத என் லயன் பெண்கள் அப்போது நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் வேறு. பயம் மட்டும் பொருத்தமான பயம்.

இப்போது என்ன நடக்கிறது? அதிகாலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் ஏரிக்கரையில் நித்தியகல்யாணிப் பூவைப் பறித்து வாயில் போட்டு மெல்லுகிறார்கள், சர்க்கரைக்கு நல்லது என்று வாட்ஸாப்பில் வந்ததாம். குழந்தையைப் பிழைக்கவைத்த மருந்து என்று பெயர் வாங்கியதாலேயே அந்தச் செடி மென்று தின்னத் தக்கதாகிவிட்டது. அது மருந்தானதே செல்லைக் கொல்லும் வலுவால்தான். நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் பிரித்து, அதையும் மில்லிகிராமாக அளந்து, ரத்தம் பரிசோதித்துப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ராமநாதபுரம், தூத்துக்குடி மானாவாரி நிலங்களில் இதைப் பயிரிடும் விவசாயிகள் ஆட்டுக்குக்கூடப் பயப்படத் தேவையில்லை, ஆடு வாய் வைக்காது. ஆட்டுக்குத் தெரிந்த எச்சரிக்கை நமக்கு ஏன் போயிற்று என்று கோபம் வருகிறது.

ஆயா தொடவிடாத செடிகளின் வரிசை நீளம். அரளிக் குச்சியை யாராவது வாயில் வைத்தால் முதுகில் ஒன்று விழும். அரளியில் இருக்கும் ஓலியாண்டிரின் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். 2020இல் கொரோனாவுக்கு மருந்து என்று இதையே அமெரிக்காவில் சிலர் விற்கப் பார்த்தார்கள். நல்லவேளையாக அனுமதி கிடைக்கவில்லை. பங்களா வாசலின் எக்காளப் பூவின் கீழே படுத்துத் தூங்கக் கூடாது, கை பட்டால் கண்ணைக் கசக்கக் கூடாது என்பார். அதில் அட்ரோபினும் ஸ்கோபலமினும் உண்டு. கண்ணில் பட்டால் பாவை விரிந்து பார்வை மங்கும். இதே அட்ரோபின்தான் பூச்சிமருந்து குடித்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுகிறவர்களுக்கு முதலில் போடும் ஊசி. சேலம் மாவட்டத்து விவசாயக் குடும்பங்களில் அந்த ஊசியால் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். நம் மாநில மலர் செங்காந்தள் அடிவாரத்து வேலிகளில் தீப்பிடித்தாற்போல் பூக்கும். மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கால்ச்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து. கிழங்கைத் தின்றால் மரணம்.

பங்களா தோட்டத்துப் பூக்களுக்கும் இப்போது வேலை வந்துவிட்டது. அண்ணா பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் நின்று பார்ப்பது டேலியாவைத்தான். அதன் கிழங்கில் இனுலின் என்ற நார்ச்சத்து இருப்பது பழைய செய்தி. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் அதன் இதழ்ச் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைச் சிறிய அளவில் மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள். சிறிய சோதனை, அவ்வளவே. அதற்குமேல் ஒரு சொல் கூட்டினாலும் பொய்யாகிவிடும். ரோஜா வாசனை வீசும் ஜெரேனியம் இந்தியாவுக்குள் நுழைந்ததே எங்கள் மலை வழியாக என்று நறுமணப் பயிர் நூல்கள் சொல்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஏற்காட்டில் நட்டாராம். இலையில் இருப்பவை சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும்.

செம்பருத்தி டீயில் ஒரு குழப்பம் நடந்திருக்கிறது, அதைத் தெளிவாக்க வேண்டும். ரத்த அழுத்தம் குறையும் என்று எழுதி விற்கிறார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்தது உண்மை. ஆனால் அவர்கள் குடித்தது சிவப்புப் புளிச்சையின் புல்லிவட்டம். நம் வாசல் செம்பருத்தி அதற்கு ஒன்றுவிட்ட உறவு. ஒன்றின் சான்றை மற்றொன்றின் டப்பாவில் ஒட்டுவது சரியல்ல.

துலுக்கச் சாமந்தியின் லூட்டீனும் அப்படித்தான். இதழை உலர்த்தி, கரைப்பானில் சாறு இறக்கி, முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் கூட்டக் கோழித் தீவனத்தில் சேர்க்கிறார்கள், கண்ணுக்கான மாத்திரையாகவும் விற்கிறார்கள். அமெரிக்கக் கண் ஆய்வு நிறுவனம் 2013இல் முடித்த பெரிய சோதனையில் 10 மில்லிகிராம் லூட்டீன் கலந்த மாத்திரை இடம்பெற்றது. விழித்திரை மையம் ஏற்கெனவே ஓரளவு தேய்ந்தவர்களுக்கு நோய் முற்றாமல் தடுக்கத்தான் அந்த மாத்திரைக் கலவை. நல்ல கண் உள்ளவர் முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் நாலு சொட்டு எண்ணெய் விட்டு வதக்கிச் சாப்பிட்டால் அதே லூட்டீன் கிடைக்கும். எண்ணெய் முக்கியம், லூட்டீன் கொழுப்பில்தான் கரையும். தோட்டக்காரர் துலுக்கச் சாமந்தியைத் தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் நட்டதுதான் எனக்குப் பிடித்த பயன். அதன் வேர் கக்கும் ஒரு கந்தகச் சேர்மம் மண்ணில் நூற்புழுவைக் கொல்லும். மாத்திரை இல்லை, விலை இல்லை.

காப்பி இலைக்கும் காலம் வந்திருக்கிறது. கவாத்து முடிந்ததும் மலைபோல் குவியும், மட்கப் போட்டுவிடுவோம். சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் அதை வறுத்துக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் காப்பி இலைப் பானத்தை விற்க அனுமதித்துவிட்டது.

சேர்வராயன் மலைச் செடிகளை யாரும் பதிவுசெய்யவில்லை என்று சொல்லமாட்டேன். திருச்சி ராபினட் உலர்தாவரகத்தின் கே.எம். மேத்யூ பாதிரியார் இந்த மலைகளில் ஏறி இறங்கிச் செடிகளை அழுத்தி வைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. மலையாளிகளின் மருந்துச் செடிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளும் பல வந்திருக்கின்றன. நான் படித்தவற்றில் செடியின் பெயர், பாகம், நோய் என்று நிரல்கள் இருந்தன. யாருக்கு ஆகாது, எந்தப் பருவத்தில் பறிக்கக் கூடாது, எத்தனை நாளோடு நிறுத்த வேண்டும் என்ற நிரலைத் தேடினேன், காணோம். ஆயாக்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். சொல்லத் தெரிந்தவர்கள் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கேட்டு எழுதிக்கொண்டால் அதற்குக் கூலியும் உண்டு என்பதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. அகத்தியர் மலையில் காணி மக்கள் களைப்புக்கு மென்று தின்னும் ஆரோக்கியப் பச்சையை 1987இல் விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவர ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று ஒப்பந்தம். அதிலும் சிக்கல்கள் வந்தன, இருந்தும் பங்கு என்ற பேச்சு எழுந்தது. எங்கள் மலையில் அந்தப் பேச்சை இனியாவது எடுக்க வேண்டும்.

ஆயா போய்ப் பல வருடமாகிறது. அவருடைய பேத்தி சேலத்தில் பி.பார்ம் படித்துவிட்டு மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விடுதியின் விருந்தாளிகளை இலை, பூ காட்ட நடத்திக் கூட்டிப்போகிறாள். சென்ற மழைக்காலத்தில் நானும் கூடப் போனேன். நடை முடிந்ததும் விடுதி வாசலில் முருங்கைப் பொடி, வல்லாரைப் பொடி டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் முருங்கைப் பொடியை எடுத்துக்கொண்டு, தினம் எத்தனை ஸ்பூன் என்று கேட்டார்.

“நீங்க என்னென்ன மாத்திரை எடுக்கறீங்க சார்? சீட்டு இருக்குதா?” என்றாள்.

அவர் செல்போனில் இருந்த சீட்டைக் காட்டினார். படித்துவிட்டு அவள் சொன்னாள்: “ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறீங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணித்தான் அதுக்கு அளவு வச்சிருப்பாங்க. முருங்கையில வைட்டமின் கே ஜாஸ்தி. திடீர்னு தினமும் எடுத்தா மாத்திரையோட வேலை குறைஞ்சு போயிரும். டாக்டர்கிட்ட கேக்காம இத வாங்காதீங்க சார்.”

பெரியவர் டப்பாவை அடுக்கில் திருப்பி வைத்தார். விற்கிற டப்பாவுக்குத்தான் அவளுக்குக் கமிஷன் என்பது அப்புறம் தெரிந்தது. அந்தக் கேள்விக்கும் சேர்த்து அவளுக்கு மாதச் சம்பளமாகக் கொடுங்கள் என்று விடுதி நடத்துகிறவரிடம் பேசியிருக்கிறேன். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார். சீசன் முடிந்ததும் மறுபடி போய்க் கேட்பேன்.